அடுப்படி வழியாகப் போகும் பாதை

“‘ஆன்ட்டி, உங்க கிச்சன்ல தரை ரொம்ப வழுக்குது, ஒரு வார்னிங் போர்டு வெச்சிருக்கலாம்ல, எங்க ஆளு ஒருத்தர் விழுந்துட்டாரு.’ இதுதான் அவன் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. தலையில ஹெல்மெட்டோட என் அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, என் சோத்துப்பானை ஆவியில மூடின மூக்குக்கண்ணாடியை என் கைப்பிடித் துணியால தொடைச்சுக்கிட்டு, என்கிட்டயே கம்ப்ளெயின்ட் பண்றான். நீங்க என்ன பண்ணீங்க? விழுந்தவனுக்கு முட்டியில தேங்காண்ணெய் தடவி விட்டீங்க. அதுவும் என் தேங்காண்ணெய்.”

“ஒரு அட்டைதானே ஜெசி, எழுதி மாட்டிட்டா என்ன கொறஞ்சிடப் போகுது?” என்றார் அமலதாஸ்.

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் பின்வாசல் வழியாக இன்னும் இரண்டு பேர் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி உள்ளே வந்தார்கள், “எக்ஸ்கியூஸ் மீ” என்றார்கள், அரிசி களைந்து வைத்திருந்த பாத்திரத்தைத் தாண்டினார்கள், அடுப்பை ஒட்டி நின்ற சிவப்பு வெள்ளைக் கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கிய துளைக்கருவியால் தங்கள் அட்டையில் ஆளுக்கொரு ஓட்டை போட்டுக்கொண்டார்கள், கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே தலையைக் குனிந்து (பக்தியெல்லாம் இல்லை, படச்சட்டம் ஹெல்மெட்டில் இடிக்கும்), முன்வாசலில் இறங்கிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள்.

“பாரு, எக்ஸ்கியூஸ் மீன்னு மரியாதையா சொல்லிட்டுத்தானே போறாங்க.”

“கதவைத் தட்டினாங்களா?”

“கதவு எங்க இருக்கு தட்டுறதுக்கு?” என்று கேட்டுவிட்டு அமலதாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்கதவைக் கீலோடு கழற்றி, நாலு கல் அடுக்கி அதன்மேல் போட்டு, வருகிறவர்கள் உட்கார்ந்து ஷூவில் ஏறிய அட்டைப்பூச்சியைத் தட்டிவிட்டுக்கொள்ள வசதியாகப் பெஞ்சு ஆக்கியவர் அவர்தான்.

தூவலூர், கொடைக்கானல் மலைக்குப் பின்புறம் இருக்கிற ஊர். பூண்டு விளையும், காரட் விளையும், பஸ் வந்தால் வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஊரில் செல்போன் சிக்னல் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். அது கோயில் கோபுர உச்சியில் இல்லை, பள்ளிக்கூட மேட்டில் இல்லை, பிரசிடென்ட் ராசாமணி வீட்டு மொட்டைமாடியிலும் இல்லை. ஜெசிந்தாவின் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவு இடத்தில் இருந்தது. ஆகவே அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து, சிக்னல் என்ற ஒன்றும் ஊருக்கு வந்த நாளிலிருந்து, ரேஷன் கடை ஓடிபி வாங்க வருகிறவர்களும், திருப்பூரில் இருக்கும் மகனோடு பேச வருகிறவர்களும், பேசி முடித்து மூக்கைச் சிந்த வருகிறவர்களும் அவளுடைய அடுப்பருகே ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள், சும்மா இருக்கிற இன்னொரு கையால் அவளுடைய குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள், “இன்னைக்கும் கத்திரிக்காயா?” என்றார்கள். அந்தச் சமையலறை அவர்களுக்குத் தெருக்குழாய் மாதிரி. தெருக்குழாயிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

ஜெசிந்தா கான்வென்டில் படித்தவள். கதவைத் தட்ட வேண்டும், தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், உள்ளே வா என்று குரல் வந்தால் மட்டுமே வலதுகாலோ இடதுகாலோ எடுத்து வைக்க வேண்டும் என்று கன்னியர்கள் ஸ்கேலால் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடி வாங்கியவள் அவள். தட்டாமல் வருகிறவர்கள் ஊரார். இந்தக் கணக்கு அவளுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் நிரஞ்சன் வந்தான். கோயம்புத்தூரில் ஏதோ சைக்கிள் குழுவில் இருக்கிறவன். அடிவாரத்திலிருந்து சிகரம் வரைக்கும் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் ஒரு வழி போட்டு, வழியில் அங்கங்கே செக்பாயிண்ட் கம்பம் நட்டு, நட்ட இடத்தை மேப்பில் ஏற்றுவது அவன் வேலை. ஒவ்வொரு கம்பத்திலும் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும், ஒன்றை விட்டாலும் சிகரம் ஏறியது செல்லாது. ஏழாம் செக்பாயிண்டை ஊருக்கு மேலே சோலைக்காட்டுக்குள், ஒத்தைப்பாறையை ஒட்டிப் பழைய பாதை போகிற இடத்தில், முறையாகத்தான் நட்டான். மேப்பில் ஏற்றப் பார்த்தால் சிக்னல் இல்லை.

வேறு ஊராக இருந்தால் மலையிறங்கிப் போய் ஏற்றிக்கொள் என்று சொல்லியிருப்பார்கள். தூவலூர்க்காரர்கள் அவனைக் கையைப் பிடித்து ஜெசிந்தாவின் சமையலறைக்குக் கூட்டி வந்தார்கள். “எங்க ஊர்ல பொறப்பு, எறப்பு, பட்டா, பென்ஷன் எல்லாமே இங்கேருந்துதான் தம்பி போகும்” என்றார்கள். சாக்ஸில் அட்டைப்பூச்சி கடித்த ரத்தம் ஊற, நிரஞ்சன் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நீ இப்போது செக்பாயிண்ட் இருக்கும் இடத்தில்தான் நிற்கிறாயா என்று மேப் கேட்டது. ஆமாம் என்று அழுத்துங்க, அழுத்தினால்தான் மேலே போகும் என்று சுற்றி நின்ற எல்லாருமே சொன்னார்கள். பூண்டுக் காட்டில் மாடு செத்ததற்கு மனுப் போட்டபோதும் இங்கே நின்று இப்படித்தான் அழுத்தினார்கள், மாடு என்ன சமையலறையிலா செத்தது? அழுத்தினான். பொறுப்பாளர் பெயர் என்ன என்று அடுத்துக் கேட்டது. அப்போது ஜெசிந்தா அவனுக்குக் கடுங்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, உங்க பேர் என்ன?”

அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. அமலதாஸ் சம்சாரம், ஜீப்புக்காரர் வீட்டு அக்கா, சிக்னல் வீட்டம்மா, இவ்வளவுதான். ஒருத்தன் கேட்கிறானே என்று முகம் மலர்ந்து, ஜெசிந்தா மேரி என்று முழுப்பெயரையும் சொன்னாள். பிறகு வெகுநாள் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

மறுநாள் விடிந்தபோது பாதை வீட்டுக்குள் இருந்தது.

சோலைக்காட்டில் ஒத்தைப்பாறையை ஒட்டிக் கிடந்த பாதைதான், வேறு பாதை இல்லை. அதே செம்மண், அதே மக்கிய சருகு, குறுக்கே ஓடிய அதே நாவல்மர வேர், வேரில் அதே பாசி. பின்வாசலில் ஏறி, அடுப்புக்கும் தண்ணீர் டிரம்முக்கும் இடையில் புகுந்து, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, முன்வாசலில் இறங்கித் தெருவில் சேர்ந்தது. தரைக்கல் எதுவும் உடைந்திருக்கவில்லை. பாதை கிடந்த இடத்தில் தரைக்கல் எப்போதுமே இருந்ததில்லை என்பது மாதிரி இருந்தது. கம்பம் அடுப்புப் பக்கத்தில் நின்றது. மேலே காட்டுக்கு விறகு பொறுக்கப் போன பெண்கள், பாதை இருந்த இடத்தில் புதர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, நுழைய இடமில்லை என்று வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு, வந்தது வந்தோம் என்று ஜெசிந்தாவின் சமையலறை வழியாகவே சுற்றிக்கொண்டு விறகுக்குப் போனார்கள்.

முதலில் வந்தது காட்டெருமைதான். அது பாட்டனார் காலத்திலிருந்து அந்தப் பாதையில் போகிற மாடு, பாதை எங்கே போனால் அதுவும் அங்கே போகும். தினமும் விடியலில் கூடத்தை அடைத்துக்கொண்டு மெல்லக் கடந்துபோகும், ஒரு தம்ளரைத் தட்டாது, ஒரு சொல் சொல்லாது, காப்பி கேட்காது. அதன்பிறகு வந்தவர்களையெல்லாம் பார்த்த பிற்பாடு, அந்த வீட்டுக்குள் வந்ததிலேயே ஒழுங்காக வளர்க்கப்பட்ட ஜீவன் அது ஒன்றுதான் என்று ஜெசிந்தா எல்லாரிடமும் சொன்னாள்.

மற்றவர்களுக்குக் காப்பி வேண்டும். மற்றவர்களுக்கு பாத்ரூம் எங்கே என்று தெரிய வேண்டும். மற்றவர்கள் அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது அட்டையில் ஓட்டை போட்டபடி, “செமையா இருக்கு ஆன்ட்டி, ரொம்ப ஆதென்டிக்” என்றார்கள். ஜெசிந்தா ஜெபமாலை உருட்டினால் அதைப் படம் எடுத்தார்கள். காய்ச்சலில் படுத்துக் கிடந்தால் கட்டிலைச் சுற்றி வழி கேட்டார்கள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஐயோ வீட்டுக்குள்ளயா என்று மார்பில் கை வைத்திருந்தால் அவள் பாதிக் கோபத்தை விட்டிருப்பாள். யாரும் வைக்கவில்லை. பிரசிடென்ட் ராசாமணி, தூவலூர் அன்புடன் வரவேற்கிறது என்று தன் படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்து அவள் வீட்டுப் பின்சுவரில் கட்டினார். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா பின்வாசலில் பஜ்ஜிக்கடை போட்டாள், எண்ணெய்ப் புகை நேராக ஜெசிந்தாவின் புடவை அலமாரிக்குப் போயிற்று, “உனக்கென்ன மதினி, உக்காந்த எடத்துல ஊரே வந்து பாக்குது” என்று பொறாமை வேறு பட்டாள். பங்குச்சாமியார் ஃபாதர் கிளாடியஸ், அடைபட்ட காட்டில் ஆண்டவரே ஒரு பாதையைத் திறந்து அதை ஓர் எளிய இல்லத்தின் வழியாக நடத்துகிறார் என்று பிரசங்கம் வைத்து, தேர்ப்பவனியையும் அவ்வழியே கொண்டுபோனார். மெழுகு ஒழுகி அவளுடைய கோதுமைமாவில் விழுந்தது. பவனி போனபின் வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் மாவைச் சலித்துக்கொண்டிருந்தபோது, ஊரார் ஒவ்வொருவராக வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. ஆண் குரலில் சொன்னார்கள், பெண் குரலில் சொன்னார்கள், பாயசம் கொடுத்துச் சொன்னார்கள், தோளைத் தொட்டுச் சொன்னார்கள், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, அந்தக் கொஞ்சம் எந்த இடத்தில் முடியும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம். தன் வீட்டில், தான் துடைத்த தரையில், யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும்.

தரை வழுக்கின சண்டை நடந்த அன்று சாயங்காலம் அவள் கம்பத்தைப் பிடுங்கினாள். முள்ளங்கி மாதிரி சுலபமாக வந்தது. கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்தாள். மறுநாள் காலை அது பனி சொட்டச் சொட்ட அடுப்புப் பக்கத்திலேயே நின்றது, காட்டெருமை அதைச் சுற்றி மரியாதையாக ஒதுங்கிப் போனது. ஜெசிந்தா தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, நிரஞ்சனுக்குப் போன் போட்டாள்.

“ஆன்ட்டி! எப்படி இருக்கீங்க? உங்க செக்பாயிண்டுக்குத்தான் எல்லாரும் நல்ல ரேட்டிங் குடுத்திருக்காங்க!”

“ரேட்டிங்கைத் தூக்கி உன் தலையில போட்டுக்கோ. உன் கம்பத்தை எடுத்துட்டுப் போ.”

“அது தானா போகாது ஆன்ட்டி. பொறுப்பாளர்னு உங்க பேர் ஏறியிருக்கு, அது உங்களைத்தான் சுத்தி வரும். வேற யாராவது உங்க கையிலேருந்து வாங்கி, சரி, நான் வெச்சுக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவங்க பேருக்கு மாறிடும், பாதையும் அவங்க வீட்டுக்குப் போயிடும்.”

“அப்ப நீயே வந்து வாங்கிக்கோ.”

“எங்களது அபார்ட்மென்ட் ஆன்ட்டி” என்றான் பாவமாக. “லிஃப்டுல சைக்கிளையே ஏத்த விடமாட்டாங்க. அசோசியேஷன்ல பெரிய பிரச்சினை ஆயிடும். நீங்க ஊர்லயே யார்கிட்டயாவது... எல்லாரும் அவ்வளவு நல்லவங்களா இருக்காங்களே.”

“ஆமா” என்றாள் ஜெசிந்தா. “ரொம்ப நல்லவங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கோயில் மைதானத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவள் கம்பத்தைப் பிடுங்கி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாதை பின்னாலேயே வந்தது. கயிற்றில் கட்டிய வெள்ளாடு மாதிரி, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, வேரும் சருகும் சரசரக்க வீட்டைவிட்டு வெளியேறிப் பின்னால் வந்தது, பாதை மேல் வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர்களும் வழி மாறியது தெரியாமல் மிதித்துக்கொண்டே வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் காட்டெருமை. திரும்பிப் பார்த்தபோது, வாசல் வழியே தன் வீட்டுக் கூடத்தில் தரைக்கற்கள் பளிச்சென்று தெரிவதை ஜெசிந்தா கண்டாள். அழக்கூடாது என்று வேகமாக நடந்தாள்.

“பிரசிடென்ட் சார், ஊருக்குப் பெருமைன்னு ஃப்ளெக்ஸ் வெச்சீங்களே. இந்தாங்க பெருமை. உங்க வீடு பெரிய வீடு, மாடி வேற இருக்கு. வாங்கிக்கோங்க.”

ராசாமணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “என்னம்மா இது, நடு மைதானத்துல. எங்க வீட்ல வயசுப் பொண்ணு இருக்கும்மா. கண்டவனும் வந்து போனா நல்லாவா இருக்கும்?”

“எங்க வீட்ல நான் இருக்கேனே சார்.”

ராசாமணி தன் வேட்டி மடிப்பைப் பார்த்தார்.

“ஃபாதர், ஆண்டவர் தெறந்த பாதைன்னு சொன்னீங்க. ஆண்டவர் வீட்டுக்கே அனுப்பிடலாம். நடு வாசல் அகலமாத்தான் இருக்கு, காட்டெருமை தாராளமா போகும்.”

“கோயில் புனிதமான எடம் ஜெசிந்தா. ஜெபம் பண்றவங்களுக்கு அமைதி வேணும்.”

“எனக்கும்தான் ஃபாதர் வேணும். நானும் ஜெபம்தான் பண்ணிக்கிட்டிருந்தேன், போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.”

“பொறுமையும் ஒரு ஜெபம்தாம்மா” என்றார் ஃபாதர் கிளாடியஸ்.

“அப்ப அதை இன்னைக்கு நீங்க பண்ணுங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தானில்லை என்பதுபோல் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். ஜெசிந்தா பாண்டியம்மாவிடம் போனாள். பாண்டியம்மா கேட்குமுன்பே கும்பிட்டாள். “என்னை விட்ரு மதினி. நீ படிச்ச பொம்பள, நாலு பேர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிச் சமாளிப்ப. நான் எங்கிட்டுப் போவேன்? வாசல்ல வெச்சுக்கச் சொல்லு, வெச்சுக்கறேன். அடுப்படிக்குள்ளன்னா எப்பிடி, நான் எங்க சோறாக்குவேன்?”

“நான் எங்க ஆக்குறேன்னு இத்தனை நாளா நெனச்ச பாண்டி?”

“நீ... நீ ஆக்கிக்கிட்டுத்தானே இருந்த” என்றாள் பாண்டியம்மா, உண்மையாகவே புரியாமல்.

அதற்குள் சைக்கிள்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். செக்பாயிண்ட் இதுதானே என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொண்டு, அவள் கையிலிருந்த கம்பத்தில் தொங்கிய துளைக்கருவியைப் பிடித்து, வரிசையில் நின்று அட்டையைக் குத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் கம்பம் ஆடியது, அவள் தோளும் சேர்ந்து ஆடியது. “கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிங்க ஆன்ட்டி” என்றார் ஒருவர்.

அமலதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. “போதும் ஜெசி. ஊர் முன்னாடி மானத்தை வாங்காத. வீட்டுக்கு வா. இருந்த எடத்துலயே நட்டு வெச்சிரலாம். பழகிருச்சுல்ல?”

“உங்களுக்குப் பழகிருச்சு.”

“சரி, எனக்குன்னே வெச்சுக்க.”

“அப்ப நீங்க பிடிங்க. இந்தாங்க. நான் வெச்சுக்கறேன்னு சொல்லுங்க. ஜீப்புக்குள்ள நட்டு வெச்சுக்கோங்க, சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல போகட்டும்.”

அமலதாஸ் ஓரடி பின்னால் வைத்தார். ஓரடிதான். ஆனால் அதை அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். காரட் ஏற்றுகிற அந்த ஜீப்புக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு, ஒவ்வொரு ராத்திரியும் அவர் அதைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

ஜெசிந்தாவின் கை மரத்துக்கொண்டு வந்தது. கீழே வைத்தால் வைத்த இடத்தில் நிற்காது, வீட்டுக்குப் போய்விடும். அவள் தூக்கிக்கொண்டு நிற்கிற வரைக்கும்தான் அந்த வீட்டில் தரை தரையாக இருக்கும். அவளும் வீட்டில் இருந்து தரையும் தரையாக இருப்பது மட்டும் நடக்காது. இது புரிந்தபோது அவளுடைய கோபம் முதன்முறையாகச் சத்தமில்லாமல் ஆயிற்று. சுற்றிப் பார்த்தாள். அவளுடைய சட்டி மூடியைத் திறந்து பார்த்த கைகள் எல்லாம் அங்கே இருந்தன. தோளைத் தொட்டு ஆறுதல் சொன்ன கைகள், பாயசம் நீட்டிய கைகள், அவள் ஜன்னலருகே உயர்ந்து நின்ற கைகள். இப்போது சில பாக்கெட்டுக்குள் இருந்தன, சில முந்தானைக்குள் இருந்தன, சில, சிக்னலே இல்லாத மைதானத்தில், போனை எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன.

“யாரும் வெச்சுக்க வேண்டாம்” என்றாள். “பேரை மாத்த வேண்டாம், சரின்னு சொல்ல வேண்டாம். சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்.”

ஃபாதர் கிளாடியஸ் ஆலயமணியை அண்ணாந்து பார்த்தார். காட்டெருமை பாதையின் கடைசியில் நின்று அசைபோட்டது. வரிசையில் அடுத்து நின்றவர் தன் அட்டையைக் குத்திக்கொண்டு, தேங்க்யூ என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

“ஒரே ஒரு நிமிஷம்” என்றாள் ஜெசிந்தா. “யாராவது ஒருத்தர் இதைப் பிடிங்க. நான் வீட்டுக்குப் போயி, என் தரையில கொஞ்சம் உக்காந்துட்டு வந்துடறேன்.”